லிஃப்ட் பழனிமுத்து நடந்த ஆறு நிமிடம்

கதவைத் திறப்பதற்குச் சற்று முன்னால் பழனிமுத்து மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வாங்கிக்கொள்வார். இடது கையால் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்து உடம்பை ஒரு பக்கமாகச் சரிப்பார். வலது தோள் சுவரோடு ஒட்டும்; முழங்கால் இரண்டும் மூலைப் பக்கம் திரும்பும். பிறகுதான் இரும்பு மடிப்புக் கதவை இழுப்பார். ஏறுகிறவர்கள் ஏறி, கதவு சாத்தி, லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்புகிற வரைக்கும் அந்த மூச்சு வெளியே வராது. மோட்டார் இரையத் தொடங்கியதும், அந்த இரைச்சலுக்குள் ஒளித்து, கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் நிற்பவருக்கும் கேளாமல் விடுவார். நாளுக்கு இருநூறு தடவை. இருபத்தொன்பது வருஷம்.

கொழும்பில், கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் நடுவில், எட்டு மாடி, இருபத்துமூன்று கம்பனிக் கந்தோர்கள் உள்ள பழைய கட்டிடம் அது. லிஃப்ட் ஒன்றே ஒன்று. ‘ஆறு பேர் மட்டும்’ என்று மூன்று பாஷையிலும் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள். பழனிமுத்துவை இரண்டு பேராகக் கணக்கு வைப்பது அங்கே எழுதாத சட்டம். நான்கு பேர் ஏறியதும் ஐந்தாவது ஆள் தானாகவே பின்வாங்கிவிடுவார். நான்காம் மாடியில், கப்பல் சாமான் இறக்குகிற ஏஜென்சியில் வேலை செய்கிற கஜீவன் மட்டும் பின்வாங்க மாட்டான்.

“அண்ணை, நீங்கள் ஒராள் இறங்கினால் நாங்கள் ரெண்டு பேர் ஏறலாம். யோசிச்சுப் பாருங்கோ.”

எல்லோரும் சிரிப்பார்கள். பழனிமுத்துவும் சிரிப்பார். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி என்பது அவருடைய எண்ணம்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்துமூன்று வயது, ஐம்பத்தெட்டு கிலோ. இப்போது ஐம்பத்திரண்டு வயது, நூற்றொன்பது கிலோ. அந்த ஐம்பத்தொரு கிலோவையும் அவருக்கு ஊட்டியது கட்டிடம்தான். எந்தக் கந்தோரில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், சரஸ்வதி பூசை வந்தாலும், நோன்புப் பெருநாளோ வெசாக்கோ வந்தாலும், முதல் தட்டு லிஃப்டுக்கு வரும். கேக், சுண்டல், வட்டிலப்பம், கொக்கிஸ். தட்டை நீட்டுகிறவரும் கூடவே நின்று, வாயில் போடுகிறாரா என்று பார்ப்பார். ‘வேணாங்க’ என்ற சொல் பழனிமுத்துவின் வாயில் வராது. தின்றுவிட்டு, “நல்லா இருக்குங்க” என்பார். கொடுத்த கையே அடுத்த நாள் தோளில் தட்டி, “பழனி, வரவரக் குண்டாகிட்டே போறீங்களே” என்று கவலைப்படும்.

பெப்ரவரி கடைசியில் கட்டிட மனேஜர் சத்தியநாராயணன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். செட்டியார்த் தெருவில் மூன்று தலைமுறை வியாபாரக் குடும்பம். குரலை உயர்த்தாமலே காரியம் பார்க்கிற மனிதர்.

“பழனி, புது லிஃப்ட் வருதுப்பா. தானா ஓடுறது. ஆள் தேவைப்படாது.”

“சரிங்க ஐயா.”

“உன்னைய வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்ல. மாடிப் பொறுப்புன்னு ஒரு வேலை போடுறோம். எட்டு மாடியும் ஏறி இறங்கணும். லைட்டு, தண்ணி, கக்கூஸ் எல்லாம் பாத்துக்கணும். உடம்பு தாங்கும்னு ஒரு கடிதாசி வேணும். வெள்ளவத்தையில ஒரு இடம் இருக்கு, அங்க ஆறு நிமிசம் நடந்து காட்டு. நானூறு மீட்டர் வரணும். ஏப்ரல் முப்பதுக்குள்ள.”

“நடந்துட்டா வேலைங்களா ஐயா?”

“நடந்துட்டா வேலை.” மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை. “என்னப்பா, ஏலுமா?”

“ஏலும் ஐயா. நல்லா இருக்கேன்.”

அன்று மாலை கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடியே மனைவி ஆனந்தியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“நானூறு மீட்டர்னா எவ்வளவு தூரம்?”

“நம்ம சந்தியிலருந்து கோயில் வரைக்கும் வரும்னு நினைக்கிறேன்.”

“அங்க போறதுக்கே ஆட்டோ புடிக்கிற ஆளு நீங்க,” என்றாள். பகிடியாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

வெள்ளவத்தையில் அந்த இடம் ஒரு புடைவைக் கடைக்கு மேல், இரண்டாம் மாடியில் இருந்தது. நூற்றொன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்திறங்கி, படியேறி, மூச்சு வாங்கி, கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் அவரால் பெயர் சொல்ல முடிந்தது. சோதிக்கிறவள் பஹ்மிதா. உடற்பயிற்சி விஞ்ஞானம் படித்து வந்த பெண். முக்காடும் ஓட்டச் சப்பாத்தும் போட்டிருந்தாள். நீண்ட கொரிடோர் ஒன்றில் இரண்டு செம்மஞ்சள் கூம்புகள் வைத்திருந்தாள். இதற்கும் அதற்கும் முப்பது மீட்டர்.

“அங்கிள், ஒரு நாளைக்கு எத்தின தரம் மேல கீழ போறீங்க?”

“இருநூறு வரும் மிஸ்.”

“அதுல நீங்க நடக்குறது எவ்வளவு?”

அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. பழனிமுத்து யோசித்தார். “காலையில உள்ள போக ஒரு பத்து எட்டு. அந்தியில வெளிய வர பத்து எட்டு. பகலைக்கு சோத்துக்குப் போனா இன்னொரு நாப்பது.”

பஹ்மிதா சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டாள். “மன்னிச்சுக்கோங்க.”

“பரவாயில்ல மிஸ். ஆனா அந்தியில கால் ரெண்டும் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும். வேலை இல்லாமலா களைக்கும்?”

“சும்மா இருந்தாலும் களைக்கும் அங்கிள். களைக்கிறது வேற, உடம்பைப் பழக்குறது வேற. கேட்டாத்தான் நெஞ்சு தரும். இருபத்தொம்பது வருஷமா நீங்க அதுக்கிட்ட ஒண்டும் கேக்கல்ல. உடம்பு நிறையைப் பத்தி பிறகு பாப்போம். முதல்ல நெஞ்சும் காலும்.”

பிறகு களைப்பை நம்பரால் சொல்கிற ஓர் அளவைச் சொல்லிக்கொடுத்தாள். ஆறு என்றால் கதிரையில் இருப்பது போல. இருபது என்றால் இனி ஓரடியும் ஏலாது. நடக்கும்போது எங்கே நிற்கிறோம் என்று தன் உடம்பைத் தானே கேட்டு நம்பர் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று போதும். “அந்த நேரம் கதைக்க ஏலணும். பாட்டுப் பாட ஏலாம இரிக்கணும். அதான் கணக்கு.”

“எனக்கு சும்மா நிக்கிறப்பவே பாட வராதுங்களே மிஸ்.”

அந்த நாள் அவர் வேகமாகத் தொடங்கினார். நாலாவது நிமிடம் கதிரையில் போய் விழுந்தார். இருநூற்று நாற்பது மீட்டர். நின்று ஆறிவிட்டுத் திரும்ப நடக்கலாம், மணிக்கூடு மட்டும் நிற்காது என்று அவள் சொன்னதை அவர் கேட்டார்தான். ஆனால் ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, முடிந்தது என்று உட்காருவது மரியாதையாகப் பட்டது.

பஹ்மிதா ஒரு தாள் கொடுத்தாள். தினமும் நடக்க வேண்டிய நிமிடங்கள் ஒரு பக்கம், நடந்தபின் எழுத வேண்டிய நம்பர் மறு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாளைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து அடுத்த கிழமைக்கு அவள் கூட்டிக் குறைப்பாள்.

நடக்க இடம் தேடியபோதுதான் பழனிமுத்துவுக்குக் கொழும்பு எவ்வளவு ஒடுக்கம் என்று தெரிந்தது. அந்தியில் வேலை முடிந்து புறக்கோட்டை வழியாக நடந்து பார்த்தார். மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவன் “பாரை, பாரை!” என்று வழி கேட்டு வந்தான். ஒதுங்க இடமில்லாமல் அவர் ஒரு பிளாஸ்டிக் வாளிக் கடைக்குள் நுழைய வேண்டியதாயிற்று. கொச்சிக்கடைப் பக்கம் அன்று செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் கோயில் கூட்டம் ரோட்டின் பாதியை எடுத்திருந்தது. ஆறு நிமிடம் சேர்ந்தாற்போல் நடக்க ஓரிடமும் அகப்படவில்லை. காலையில் சொந்த ஒழுங்கையில் நடந்தார். மூன்றாம் நாளே எதிர்வீட்டுக்காரன் பல் துலக்கிக்கொண்டு, “என்ன பழனியண்ணே, எலக்‌ஷன் கேக்குறீங்களா? தெருத் தெருவா வாறீங்க” என்றான். நாலாம் நாள் அவர் போகவில்லை.

மிஞ்சியது லிஃப்ட்தான். ஆள் இல்லாமல் மேலே போகும்போது ஸ்டூலை விட்டு எழுந்து, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றித் தூக்கினார். கீழிருந்து எட்டாம் மாடி வரைக்கும் எண்பது விநாடி. அதற்குள் நூறு எட்டு வைக்கலாம். மேலே போனதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து உட்கார்ந்துவிடுவார். யாராவது மணி அடித்தால் பாதியில் நிற்கும். தூக்கிய காலை அப்படியே இறக்கி, மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி என்று அவர் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பினார். நாலு பக்கமும் இரும்பு, நடுவில் நூற்றொன்பது கிலோ, போக இடமில்லாத நடை.

இரண்டாம் கிழமை சத்தியநாராயணன் கீழே வந்தார்.

“பழனி, லிஃப்ட் ஆடுதாம். ஆறாம் மாடியில மூணு பேர் சொல்லிட்டாங்க. உள்ள என்னப்பா நடக்குது?”

“ஒண்ணுமில்லீங்க ஐயா. கால் கொஞ்சம்...”

“உள்ள வச்சு ஆடாத. கம்பி அறுந்தா உன்னோட போகாது.” ஸ்டூலைக் காலால் மெதுவாகத் தள்ளிக் காட்டினார். “உக்காரு.”

பழனிமுத்து உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே கஜீவன் பைலோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நாலாம் மாடியில் இறங்கும்போது திரும்பினான்.

“அண்ணை, என்ன விசயம்? சொல்லுங்கோ.”

சொன்னார். கந்தோர்க்காரர் யாரிடமும் சொல்லாததை, கதவைப் பாதி திறந்து பிடித்தபடி, இரண்டு மாடியிலிருந்து மணி அடிக்க அடிக்கச் சொன்னார்.

“ஓம், விளங்குது. பகல் பன்ரெண்டரைக்கு எனக்கு இருவது நிமிசம் இருக்கு. நான் இந்த ஸ்டூலில இருக்கிறன். நீங்கள் படியால ஏறுங்கோ.”

“ஐயா கண்டா?”

“அந்த நேரம் அவர் தயிர்ச்சோறு சாப்பிட்டு நித்திரை. போங்கோ அண்ணை.”

இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டிடத்தில் இருந்தவர் அதன் படிக்கட்டைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். சுவர் பச்சை நிறம். கைபிடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. முதல் நாள் இரண்டாம் மாடியோடு திரும்பினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருந்தது, அதில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. அங்கே நின்று மூச்சு வாங்கினார். யாராவது வருகிற சத்தம் கேட்டால் கப்பல் பார்க்கிற ஆள் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். மார்ச் முடிய முன் ஐந்தாம் மாடி வந்துவிட்டது.

தாளில் மட்டும் அவர் ஒவ்வொரு நாளும் பதினொன்று என்று எழுதினார். பதினொன்று என்றால் ‘லேசு’ என்று அதில் அச்சடித்திருந்தது. யாராவது எப்படி என்று கேட்டால் லேசு என்று சொல்வதுதானே முறை. பஹ்மிதா அதைப் பார்த்துப் பார்த்து நிமிடத்தைக் கூட்டினாள், வேகத்தைக் கூட்டினாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கூட்டியதையும் செய்தார். முழங்காலுக்கு ஆனந்தி அந்தியில் வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள்.

“அந்தப் புள்ளைக்கிட்ட நோவுதுன்னு சொன்னா என்ன?”

“நோவுதுன்னா ஏலாதுன்னு எழுதிருவாங்க.”

ஏப்ரல் ஒன்பதாம் திகதி இரண்டாம் சோதனை. பஹ்மிதா அவருடைய விரலில் சின்னக் கவ்வி ஒன்றை மாட்டினாள். நாடித் துடிப்பு அதில் சிவப்பு எழுத்தில் ஓடியது. பழனிமுத்து கூம்புகளுக்கு நடுவே போனார், வந்தார். ஒவ்வொரு நிமிடமும் அவள் நம்பர் கேட்டாள்.

“எத்தின அங்கிள்?”

“பதினொண்ணு மிஸ்.”

மூன்றாவது நிமிடமும் பதினொன்று. நாலாவது நிமிடமும் பதினொன்று. ஐந்தாவது நிமிடத்துக்கு இன்னும் இருபது விநாடி இருக்கும்போது அவருடைய உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. கழுத்தில் வேர்வை ஆறாக ஓடியது. அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள்.

“நில்லுங்க. இரிங்க. எத்தின?”

“பதி... னொண்ணு.”

“உங்க மூஞ்சி பதினெட்டு சொல்லுது!”

முந்நூற்று முப்பது மீட்டரில் சோதனை நின்றது. அவர் தண்ணீர் குடித்து, நிறம் திரும்பி, “மிஸ், அந்த மிச்சத்தை இப்ப நடந்துர்றேன்” என்று எழும்பப் பார்த்தார். பஹ்மிதா அவருடைய ஐந்து தாள்களையும் மேசையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் ஒரே நம்பர், பள்ளிக்கூடத்தில் தண்டனை எழுதியது போல.

“இதை நம்பித்தானே நான் கூட்டிக் கூட்டித் தந்தேன். எனக்கு எப்பிடித் தெரியும் அங்கிள், உள்ளுக்கு என்ன நடக்குதுன்னு? மெஷினுக்கு நாடி மட்டும்தான் தெரியும். கஷ்டம் எவ்வளவுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

“மிஸ் மனசு நோகக் கூடாதுன்னுதான்...”

“நான் உங்க முதலாளி இல்ல. எனக்கு நல்லவரா இரிக்கத் தேவல்ல.” அவரைவிட அவள்தான் கூடப் பயந்திருந்தாள். “டொக்டர் ஒருக்கா பாக்கட்டும். அவர் சரின்னா இருபத்திரெண்டாந் திகதி வாங்க. அதுக்குப் பிறகு எனக்கும் நேரமில்ல, உங்களுக்கும் நேரமில்ல.”

டொக்டர் பார்த்தார், நெஞ்சைப் படம் எடுத்தார், நடக்கலாம் என்றார், மெதுவாக என்றார். சித்திரைப் புதுவருஷம் வந்தது. ஏழாம் மாடி அம்மா ஒருத்தி கவுமும் கொக்கிஸுமாகத் தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்தாள். பழனிமுத்து ஒரு கொக்கிஸை எடுத்தார், திரும்ப வைத்தார்.

“வேணாங்க நோனா.”

அந்த அம்மா கோபிக்கவில்லை. ஆனால் முகம் சற்று வாடியது. அவள் இறங்கிய பிறகு பழனிமுத்து விரலில் ஒட்டிய எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தார். பகலில் படியேறிவிட்டு வந்து ஸ்டூலை வாங்கும்போது கஜீவன் கேட்டான்.

“எத்தினை அண்ணை?”

பழனிமுத்து கதவைப் பார்த்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. “பதினஞ்சு,” என்றார், களவு போன சாமானை ஒப்புக்கொள்பவர் போல.

“பிறகென்ன, உண்மையைச் சொன்னால் லிஃப்ட் விழேல்லைத்தானே.”

இருபத்திரண்டாம் திகதி கொரிடோரில் வெக்கை. ஆனந்தியும் வந்திருந்தாள், கூம்புக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தாள். பஹ்மிதா மணிக்கூட்டை அமத்தி ஓடவிட்டாள். இந்த முறை பழனிமுத்து வேகமெடுக்கவில்லை. முதல் நிமிடம் பன்னிரண்டு என்றார். இரண்டாவது பதின்மூன்று. மூன்றாவது நிமிடம் பதினைந்து. முழங்காலுக்குள் மணல் அரைபட்டது. நாலாவது நிமிடத்தில் கொரிடோர் இரண்டு பக்கமும் நெருங்கி வருவது போலிருந்தது.

“எத்தின?”

வாயில் பதினொன்றுதான் வந்தது. அதை விழுங்கினார். “பதினேழு மிஸ்.”

“அப்ப நில்லுங்க. சுவரைப் புடிங்க. மணி ஓடட்டும்.”

நின்றார். நெற்றியைச் சுவரில் வைத்தார். அவர் நிற்க, நேரம் மட்டும் நடந்தது. ஐந்து விநாடி. பத்து விநாடி. ஒவ்வொரு விநாடியும் ஒரு மீட்டர் என்று மனம் கணக்குப் போட்டது. ஆனந்தி எழும்பிவிட்டாள். போ என்று சொல்லவும் அவளுக்குப் பயம், நில் என்று சொல்லவும் பயம். பதினைந்து விநாடி.

“இப்ப எத்தின?”

“பதினாலு.”

“போங்க.”

போனார். கடைசி நிமிடத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய ரப்பர்ச் செருப்பின் சத்தமும் மூச்சும் மட்டும். பதின்மூன்று தடவை கூம்பைச் சுற்றி, பதினான்காவது முறை பாதி வழி தாண்டும்போது பஹ்மிதா கையை உயர்த்தினாள். அவர் நின்ற இடத்தில் தரையில் சோக்கட்டியால் கோடு போட்டு, அளக்கும் நாடாவை இழுத்தாள். ஆனந்தி குனிந்து அந்த நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

நானூற்று எட்டு.

பழனிமுத்து கதிரையில் இருந்தார். சந்தோஷப்பட உடம்பில் இடமிருக்கவில்லை. “பதினெட்டு மிஸ்,” என்றார், யாரும் கேளாமலே.

ஜூன் மாதம் புது லிஃப்ட் வந்தது. ஒரு பெண் குரல் மாடியின் எண்ணைச் சொல்லும். பழனிமுத்து காக்கிச் சட்டைக்குப் பதிலாக நீலச் சட்டை போட்டு, சாவிக் கொத்தோடு படிகளில் ஏறி இறங்குகிறார். நிறை நூற்றுநாலு கிலோ. அது அங்கேயே நிற்கிறது. பஹ்மிதா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. புது லிஃப்டில் ஆட்கள் அவரைக் கூப்பிட்டால், “இல்லீங்க, நான் படியால வர்றேன்” என்பார். அதற்குள் ஏறினால் இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் என்பது ஆனந்திக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷக் கடைசியில்தான் இது தெரியவந்தது. ஏஜென்சி வேறு கட்டிடத்துக்கு மாறிப் போக முன், கட்டிடச் செலவுக் கணக்கோடு மனேஜர் அனுப்பியிருந்த பழைய கடிதப் பிரதிகளை ஒழுங்குபண்ணும்போது கஜீவன் கண்டு சொன்னான். ஏப்ரலில் கட்டிடத்தில் ஐந்து பேருக்கு வேலை மாற்றியிருந்தார்கள். ஐந்து பேரும் படியேறுகிற வேலைக்குத்தான். நடத்திப் பார்க்கச் சொல்லி வெள்ளவத்தைக்குக் கடிதம் போனது பழனிமுத்து ஒருவருக்காக மட்டும். மற்ற நாலு பேரில் ஒருவர் தண்ணீர்ப் பம்ப் பார்த்த மனிதர், வயது அறுபத்தொன்று, ஒடிசலான உடம்பு; இருதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவரை யாரும் ஒரு மீட்டர்கூட நடக்கச் சொல்லவில்லை.